ஊடுருவல்: ஒரு சொல்லும் சில புரதங்களும்

1

என் நண்பர் ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். ட்ரெடில் போய் ஆஃப்செட் வந்த பிறகு மெய்ப்புப் பார்ப்பவரானார். எங்கள் பக்கத்துச் சிறுபத்திரிகைகள் பலவற்றில் பிழை குறைந்ததற்கு அவர் கண்தான் காரணம். 2016ல் அவருக்குச் சொற்கள் தப்ப ஆரம்பித்தன. 'மேஜை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அதான், அந்த நாலு கால்' என்பார். வயசாச்சு என்று சிரித்துக்கொண்டோம். அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் கட்டி. கிளையோபிளாஸ்டோமா.

அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர் அவருடைய மனைவியிடம் (நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) "கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எடுத்துட்டோம்மா. ஆனா சுத்தியிருக்கிற மூளைக்குள்ள ஊடுருவியிருக்கு" என்றார். அக்கா ஒன்றுதான் கேட்டார்: "எங்கேருந்து சார் வந்துச்சு?" டாக்டரிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே கேள்வி என்னிடம் வந்தது. "எங்கேருந்து தம்பி வந்துச்சு? அந்த ஈய எழுத்தைத் தொட்டுத் தொட்டு வந்துச்சா? நான் ஏதாச்சும் சமைச்சுப் போட்டதுலயா?"

நண்பர் அதன் பிறகு ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தார்.

'ஊடுருவல்' நமக்குப் பழக்கமான சொல். தினசரிகளில் எல்லைச் செய்திகளில் வரும். ஊடுருவல்காரர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல் தனியாக வருவதில்லை. ஒரு நாட்டையும், அதற்கு ஓர் எல்லையையும், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு மற்றமையையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. அக்காவின் கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளிருந்து வந்த கேள்வி. ஊடுருவியது என்றால் எங்கிருந்தாவது வந்திருக்கத்தானே வேண்டும்?

நான் மருத்துவன் அல்ல. அக்காவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தவன். படித்தபோது இரண்டு வரலாறுகள் கிடைத்தன. மூளைக்கட்டி எப்படிப் பரவுகிறது என்று தேடியவர்களின் வரலாறு ஒன்று. கருவில் இருக்கும் நரம்பு எப்படித் தன் வழியைக் கண்டுகொள்கிறது என்று தேடியவர்களின் வரலாறு இன்னொன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தனித்தனியே நடந்த இவை 1990களுக்குப் பிறகு ஒன்றில் ஒன்று வந்து விழுந்தன. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

கிளையோமா என்ற பெயரை வைத்தவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ. 1850களில் நரம்புச் செல்களுக்கு இடையில் நிறைந்திருக்கும் பொருளுக்கு 'நரம்புப் பசை' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். 'கிளியா' என்றால் பசை. அந்தப் பசையில் எழும் கட்டிக்கு 1860களில் கிளையோமா என்று பெயரிட்டார். இதே ஃபிர்ஷோதான் 1848ல் மேல் சிலேசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலுக்கு மருந்தாக ஜனநாயகத்தையும் கல்வியையும் பரிந்துரைத்தவர். உடலைச் செல்கள் என்னும் குடிமக்களின் குடியரசாகப் பார்த்தவர். செல் செல்லிலிருந்துதான் பிறக்கும் என்று 1855ல் அவர் வலியுறுத்தியதற்கு ஒரு விளைவு உண்டு. கட்டியின் செல்லும் உடலின் செல்லிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். அதாவது, குடியரசுக்குள் பிறந்தது. வெளியாள் இல்லை.

1926ல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் இதை இன்னொரு படி கொண்டுபோனார்கள். கட்டிகளின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவை கருவில் மூளை வளரும்போது எந்தக் கட்டத்துச் செல்லை ஒத்திருக்கின்றன என்று வகை பிரித்தார்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற பெயர் நிலைபெற்றது இந்த வகைப்பாட்டில்தான். அந்த ஒப்புமை பின்னால் அப்படியே நிற்கவில்லை. இன்றைய வகைப்பாடு மரபணு மாற்றங்களை வைத்தும் நடக்கிறது. ஆனாலும் 'கட்டிக்கும் கருவுக்கும் ஏதோ உறவு இருக்கிறது' என்ற சந்தேகம் பெயரிலேயே பதிந்துபோனது.

ஆனால் கத்தி வேறு மாதிரி யோசித்தது. கட்டி ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு விளிம்பு இருக்கிறது, விளிம்புக்கு வெளியே வெட்டினால் தீர்ந்தது என்பது கத்தியின் தர்க்கம். அந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை வரை போனவர் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் வால்டர் டாண்டி. வலது பெருமூளையில் கட்டி இருந்து, ஏற்கெனவே உடலின் இடப்பக்கம் செயலிழந்துவிட்ட நோயாளிகளுக்கு, அந்தப் பாதி மூளையையே எடுத்துவிட்டார். 1928ல் இதை வெளியிட்டார். பாதி மூளையோடு மனிதர் பேசினார், ஆட்களை அடையாளம் கண்டார். கட்டியோ அடுத்த பாதியில் திரும்ப வந்தது. எல்லைக்கு அப்பால் என்று டாண்டி நினைத்த இடத்துக்கு அது கத்திக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

3

எப்படிப் போகிறது? இதற்குத் தெளிவான பதிலை 1938ல் எழுதியவர் ஹான்ஸ் யோஆகிம் ஷெரர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் இறந்தவர்களின் முழு மூளையையும் சீவல் சீவலாகப் பார்த்தார்.

அவர் கண்டது இது. கட்டியின் செல்கள் கண்ட திசையில் கசிந்து பரவவில்லை. நான்கு இடங்களில் வரிசை கட்டி நின்றன: நரம்புச் செல்களைச் சுற்றி, ரத்தக் குழாய்களை ஒட்டி, மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையின் அடியில், நரம்பிழைகள் கற்றையாக ஓடும் வெண்பொருளின் நெடுகில். இரண்டு பாதி மூளைகளையும் இணைக்கும் பெரிய கற்றை வழியாகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயின. டாண்டி தோற்றது எங்கே என்று இப்போது புரிகிறது. இந்த அமைப்புகளை ஷெரர் 'இரண்டாம் நிலை' அமைப்புகள் என்றார். ஏனென்றால் இவற்றைக் கட்டி உண்டாக்கவில்லை. மூளையில் முன்பே இருந்த சாலைகளை அது பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் இவற்றை ஷெரர் அமைப்புகள் என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன.

பாடநூல்கள் சொல்லாத பகுதியும் உண்டு. அது 1999ல்தான் ஒரு மருத்துவ இதழில் விரிவாக வந்தது. பெல்ஜியத்தை ஜெர்மனி பிடித்த பிறகு ஷெரர் திரும்பிப்போனார். 1940களின் தொடக்கத்தில் பிரெஸ்லாவ் நகர ஆய்வகத்தில் (இன்றைய போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்) வேலை. பக்கத்தில் லோபன் என்ற ஊரில் இளம் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. அங்கே 'வாழத் தகுதியற்றவர்கள்' என்று தீர்மானிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஜெர்மன், போலந்துக் குழந்தைகளின் மூளைகள் பிரெஸ்லாவுக்கு வந்தன. 300க்கும் மேற்பட்ட மூளைகள். அவற்றைப் பரிசோதித்த வேலையில் ஷெரருக்குப் பங்கு இருந்தது. 1945ல் ஒரு விமானக் குண்டுவீச்சில் அவர் இறந்தார்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் படிப்பு ஓடவில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர், மூளைக்குள் அந்நியன் என்று ஒன்று இல்லை என்று காட்டியவர், அவரேதான் தேசத்தின் உடலுக்கு அந்நியம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் மூளையைச் சீவிப் பார்த்தார். அறிவு ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம் என்று பிரித்துவைக்கிறவர்கள் இந்த மேஜைக்கு முன் கொஞ்சம் நிற்கலாம். ஷெரரின் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை. நண்பரின் ஸ்கேனிலும் கட்டி வெண்பொருள் நெடுகத்தான் போயிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தக் குழந்தைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாலைகள் தெரிந்துவிட்டன. ஆனால் சாலையில் போகிறவனுக்கு இங்கே திரும்பு, இங்கே நில் என்று சொல்வது யார்? இதற்கு ஷெரரிடம் பதில் இல்லை. பதில் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் இருந்தது.

4

1890ல் ஸ்பெயின்காரர் சந்தியாகோ ரமோன் இ கஹால், கோழிக்கருவின் தண்டுவடத்தைச் சாயமேற்றிப் பார்க்கும்போது, வளரும் நரம்பிழையின் நுனியில் ஒரு சிறு கூம்பைக் கண்டார். வளர்கூம்பு என்று பெயரிட்டார். அவர் பார்த்தது செத்த திசு. உயிருள்ள கூம்பு எப்படி நடக்கும் என்று அவர் மனதில்தான் ஓட்டிப் பார்த்தார். கோட்டைக் கதவை இடிக்கும் மரத்தூணோடு அதை ஒப்பிட்டார். பாருங்கள், இங்கேயும் போர் உருவகம்தான். ஆனால் அந்தத் தூணுக்கு ரசாயனத்தை மோப்பம் பிடிக்கும் நுண்ணுணர்வு உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். 1892ல், வழியில் இருக்கும் செல்கள் ஏதோ பொருளைச் சுரக்கின்றன, கூம்பு அதை நோக்கிப் போகிறது என்ற கருதுகோளை வைத்தார். 1907ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் தவளைக்கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு வளர்த்தபோது, கூம்பு உயிரோடு நகர்வதை உலகம் முதன்முதலாகப் பார்த்தது.

பிறகு பல ஆண்டுகள் கஹாலின் மோப்பக் கருத்து ஓரங்கட்டப்பட்டது. பால் வைஸ் போன்றவர்கள், நரம்பிழை திசுவின் வரி வரியான இழைகளைப் பிடித்துக்கொண்டு இயந்திரம்போலப் போகிறது, ரசாயனம் எதுவும் தேவையில்லை என்றார்கள். வைஸின் மாணவர் ரோஜர் ஸ்பெர்ரிதான் குருவை மறுத்தார். 1940களில் தவளை போன்ற உயிர்களின் கண்நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது. மேலே இருக்கும் பூச்சிக்குத் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தோற்றாலும் திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இழையும் தன் பழைய முகவரிக்கே திரும்பிப் போயிருந்தது என்பதே அதன் பொருள். 1963ல் அவர் இதைக் கோட்பாடாக எழுதினார்: செல்கள் ரசாயன அடையாளம் தாங்கியிருக்கின்றன, இழைகள் அவற்றைப் படித்துக்கொண்டு போகின்றன.

5

அந்த அடையாளங்கள் கைக்குக் கிடைத்தது 1987க்கும் 1999க்கும் இடையில். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1987ல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஃப்ரெட்ரிக் போன்ஹோஃபரின் ஆய்வகம் ஓர் எளிய சோதனை செய்தது. கோழிக்கருவின் மூளையில் பார்வை நரம்புகள் போய்ச் சேரும் பகுதியின் முன்பக்கச் செல்சவ்வையும் பின்பக்கச் செல்சவ்வையும் மாற்றி மாற்றிக் கோடு கோடாக விரித்து, அதன்மேல் விழித்திரையின் இழைகளை வளரவிட்டார்கள். முன்பக்கத்துக்குப் போக வேண்டிய இழைகள் முன்பக்கக் கோடுகளிலேயே போயின. சரியான இடம் அவற்றை இழுக்கிறது என்றுதானே நினைப்போம்? பின்பக்கச் சவ்வைச் சூடாக்கி அதிலிருந்த புரதத்தைக் கெடுத்தபோது, இழைகள் இரண்டு கோடுகளிலும் வளர்ந்தன. ஆக, சரியான இடம் வா என்று சொல்லவில்லை. தவறான இடம்தான் வராதே என்றது. வழி என்பது மறுப்புகளாலும் ஆனது. இந்தப் போன்ஹோஃபர், ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புடையவராக 1945ல் தூக்கிலிடப்பட்ட இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபரின் அண்ணன் மகன். டீட்ரிஷ் பிறந்தது 1906ல், பிரெஸ்லாவில். ஷெரர் பிறந்ததும் 1906ல்தான். இதிலிருந்து எந்த விதியையும் நான் எடுக்கவில்லை. ஒரே ஊர் இரண்டு விதமான மனிதர்களைக் கண்டிருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பிறகு பெயர்கள் வரிசையாக வந்தன. 1994ல் மார்க் டெஸ்ஸியே-லவீனும் அவருடைய சகாக்களும் ஆயிரக்கணக்கான கோழிக்கரு மூளைகளை அரைத்து, இழைகளை ஈர்க்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வழிநடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அதற்கு நெட்ரின் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு 'நேதாஜி'யில் இருக்கும் அதே சொல். கண்ணைக் குறிக்கும் 'நேத்திர'மும் அதே வேரில் வந்ததுதான். இதன் உறவினர் ஏற்கெனவே ஒரு புழுவில், 1990ல், தெரியவந்திருந்தது. அது கெட்டால் புழு கோணல்மாணலாக நெளியும். அந்தப் புழு ஆய்வாளர்கள் வைத்திருந்த பெயர் 'ஒத்திசைவு கெட்டது' என்பதன் சுருக்கம். 1993ல் கிடைத்த இன்னொரு குடும்பத்துக்கு செமாஃபோரின் என்று பெயரானது. செமாஃபோர் என்றால் ரயில் பாதையில் நிற்கும் நம்ம கைகாட்டிதான். அதே ஆண்டு ஈயில் ஒரு மரபணு கிடைத்தது. அது பழுதானால் நரம்பிழைகள் உடலின் நடுக்கோட்டை ஒருமுறை தாண்டி நிற்காமல், திரும்பத் திரும்பத் தாண்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ரவுண்டானா என்றே பெயர் வைத்தார்கள், சுருக்கமாக ரோபோ. அந்த ரோபோ என்ற ஏற்பிக்கு 'வராதே' என்று சொல்லும் புரதம் ஸ்லிட் என்பது 1999ல் உறுதியானது. போன்ஹோஃபரின் கோடுகளில் மறுப்புச் சொன்ன புரதம் 1995ல் அடையாளம் காணப்பட்டது. அது எஃப்ரின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த தகவலில்தான். எஃப்ரினைப் படிக்கும் ஏற்பிக்கு எஃப் என்று பெயர். அது முதலில் கிடைத்தது கருவில் இல்லை. 1987ல், ஜப்பானில், கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில். நெட்ரினைப் படிக்கும் ஏற்பியின் கதையும் அப்படித்தான். 1990ல் அமெரிக்காவில், பெருங்குடல் புற்றுநோயில் அடிக்கடி காணாமல்போகும் ஒரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 'பெருங்குடல் புற்றில் நீக்கப்பட்டது' என்பதன் முதலெழுத்துகளே அதன் பெயர்: டிசிசி. அது நெட்ரினின் ஏற்பி என்று 1996ல் தெரிந்தது. ஆக, கருவின் அகராதியில் சில சொற்கள் புற்றுநோயின் அகராதியிலிருந்து எடுத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு வரலாறுகளும் சந்தித்துக்கொண்டன என்று நான் சொன்னது இதைத்தான். இரண்டு துறைக்காரர்கள் ஒரே பிரதியை இரண்டு பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

6

இங்கே கோட்பாட்டில் ஆர்வமுள்ள நண்பர்களுக்காக ஒரு நிறுத்தம்.

நெட்ரின் ஈர்க்கும் புரதம் என்றேன். அது பாதி உண்மை. செல்லின் மேல் டிசிசி ஏற்பி மட்டும் இருந்தால் நெட்ரின் வா என்று சொல்கிறது. அன்க்-5 என்ற இன்னொரு ஏற்பி இருந்தால் அதே நெட்ரின் போ என்று சொல்கிறது. 1997ல், செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறு மூலக்கூறின் அளவைக் குறைத்தாலே ஈர்ப்பு விலக்கலாக மாறிவிடும் என்பதையும் தவளை நரம்புச் செல்களில் காட்டினார்கள். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயல்பான பந்தம் இல்லை என்று மொழியியலில் படித்திருக்கிறோம். பிரதியின் பொருள் வாசிப்பில்தான் உருவாகிறது என்று இந்த மாதிரி இதழ்களில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். ஒரு புழுவின் நரம்பு அதை நமக்கு முன்பே செய்துகொண்டிருக்கிறது. புரதம் கட்டளை இல்லை. அது ஒரு குறி. படிக்கிற செல்லின் நிலைமைதான் அதற்குப் பொருள் தருகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையின் பெரிய பெயரான டெஸ்ஸியே-லவீன் பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவர் பெயர் தாங்கிய சில கட்டுரைகளின் படங்கள் மேல் இருந்த சந்தேகத்தை, 2022ல், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. 2023ல் விசாரணைக் குழு, அவரே தரவைத் திரித்ததாகக் காணவில்லை என்றது. ஆனால் பிழைகள் தெரிந்தபோது திருத்தத் தவறினார் என்றது. அவர் பதவி விலகினார். 1999, 2001 ஆண்டுகளின் மூன்று கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் ஒன்று, நெட்ரினின் ஈர்ப்பு எப்படி விலக்கலாக மாறுகிறது என்ற பொறிமுறையைப் பற்றியதுதான். நெட்ரின் இருமுகம் கொண்டது என்ற உண்மை அதனால் விழுந்துவிடவில்லை. அது 1990ன் புழு ஆய்விலேயே தனியாக நிற்கிறது. ஆனால் ஒரு மாணவர் பத்திரிகை செய்ததைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கவனிக்காமல் போகக் கூடாது.

7

இப்போது கட்டிக்குத் திரும்புவோம்.

நகரும் கிளையோமா செல், நண்டுபோல எட்டுக் கால் போட்டு ஓடுவதில்லை. முன்னால் ஒரு நீண்ட கையை நீட்டும். அதன் நுனியில் மெல்லிய விரல்கள் துழாவும். பிடி கிடைத்ததும் உடலும் உட்கருவும் பின்னால் இழுபட்டு வரும். கருவில் முதிராத நரம்புச் செல்கள் இடம்பெயர்வதும் ஏறக்குறைய இப்படித்தான். விரல்களை நீட்டவும் மடக்கவும் வைப்பது ஆக்டின் என்ற இழைப்புரதம். அதை முடுக்கும் உள்விசைகள் வளர்கூம்பிலும் கிளையோமா செல்லிலும் ஒன்றே. ஏற்பி குறியைப் படிக்கிறது, விசை தட்டப்படுகிறது, விரல் நீள்கிறது அல்லது மடங்குகிறது.

2004ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, கட்டியின் நடுவில் இருக்கும் செல்களையும் ஓரத்தில் பரவிக்கொண்டிருக்கும் செல்களையும் பிரித்துப் பார்த்தது. ஓரத்துச் செல்களில் எஃப்-பி2 என்ற ஏற்பி விழித்துக்கொண்டிருந்தது. அது செயல்படும்போது செல்கள் வேகமாகப் பரவின. அதே ஏற்பி செல் பெருகுவதைக் குறைக்கிறது என்றும் பின்னால் தெரிந்தது. ஓடும்போது பெருகுவதில்லை, பெருகும்போது ஓடுவதில்லை. வேகமாகப் பெருகும் செல்லைத்தான் கதிர்வீச்சும் மருந்தும் நன்றாகத் தாக்கும். ஓடிக்கொண்டிருக்கிற செல் அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொள்கிறது.

2009ல் வந்த இன்னொரு ஆய்வு எஃப்-ஏ2 ஏற்பியைப் பற்றியது. கிளையோபிளாஸ்டோமாவில் இது மிதமிஞ்சி இருக்கும். பக்கத்துச் செல்லில் அதற்குரிய எஃப்ரின் இருந்து தொட்டால், இது செல்லை நிறுத்துகிறது. தொட யாரும் இல்லாமல் இது மட்டும் நிறைய இருந்தால், இதுவே செல்லை ஓட வைக்கிறது. ஏற்பி ஒன்றுதான். பேச ஆள் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஓடும்.

நெட்ரின் கிளையோபிளாஸ்டோமா செல்களைப் பரவத் தூண்டுகிறது என்று 2013ல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். செமாஃபோரின் குடும்பத்தில் ஒன்று கிளையோமா செல்லை நிறுத்துகிறது என்று 2010ல் ஒரு கட்டுரை; கைகாட்டிகளைப் படிக்கும் பிளெக்ஸின்-பி2 என்ற ஏற்பி, குறுகலான இடுக்குகளில் செல் நெருக்கியடித்துப் போக உதவுகிறது என்று 2021ல் இன்னொன்று. ஸ்லிட்டின் கதை இன்னும் சிக்கல். ஸ்லிட்-2 கிளையோமா செல்லை விலக்குகிறது, பரவலைத் தடுக்கிறது என்று 2008, 2009ல் ஆய்வுகள் வந்தன. அப்படியானால் ஸ்லிட்டைக் கூட்டினால் போதுமே? 2021ல் வந்த ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. கட்டிக்குள் வந்து சேரும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் ரோபோ ஏற்பி இருக்கிறது. அவை ஸ்லிட்-2ஐப் படிக்கும்போது கட்டிக்குச் சாதகமாக மாறிவிடுகின்றன. ரத்தக் குழாய்களும் கோணலாகின்றன. தடுப்பு என்று நினைத்தது இன்னொரு வாசகர் கையில் அழைப்பாகிவிட்டது.

2019ல் ஹைடல்பர்க்கிலிருந்தும் ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் இதையெல்லாம் தாண்டிப் போயின. மூளையின் ஆரோக்கியமான நரம்புச் செல்கள் கட்டியின் செல்களோடு சினாப்ஸ் என்னும் நரம்புச் சந்திகளையே அமைத்துக்கொள்கின்றன. நாம் யோசிக்கும்போதும் பேசும்போதும் எழும் மின்சாரம் கட்டிச் செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. அதன் வளர்ச்சியைத் தூண்டுகிறது. 2022ல், பரவுவதையும் அது தூண்டுகிறது என்று ஹைடல்பர்க் குழு காட்டியது. கட்டி மூளைக்குள் வந்த ஒன்றாக இல்லை. மூளையின் பேச்சில் அதுவும் ஒரு தரப்பாக இருக்கிறது.

8

1971ல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'புற்றுநோய் மீதான போர்' என்ற சொல்லாடல் அதோடு பரவியது. தானே புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்டாக், நோயை உருவகமாக்குவதற்கு எதிராக 1978ல் ஒரு புத்தகம் எழுதினார். நோய்க்குப் பூட்டும் உருவகம் கடைசியில் நோயாளியின் தலையில் பழியாக விழுகிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. வராந்தாவில் அக்கா கேட்டதில் நான் பார்த்தது அதைத்தான். 'நான் சமைச்சதுலயா?'

நானும் அவசரப்பட்டு எதிர் உருவகம் ஒன்றைக் கட்டிவிடக் கூடாது. கட்டி அப்பாவி அகதி, மருத்துவர்கள்தான் எல்லைப் படை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது என் நண்பரைக் கொன்றது. முதலில் அவருடைய சொற்களைத் தின்றது. 2005ல் கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மாத்திரை சேர்ந்த பிறகு, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. அந்த இரண்டரை மாதத்தை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். ஒரு மெய்ப்பைத் திருத்தி முடிக்க அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வழிகாட்டிப் புரதங்களைக் குறிவைத்து இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. எளிதும் இல்லை. இதே புரதங்கள் வளர்ந்தவர் மூளையிலும் வேலை செய்கின்றன, நரம்புச் சந்திகளைப் பராமரிக்கின்றன, ரத்தக் குழாய்களுக்கும் வழி சொல்கின்றன. இந்த மொழியை மொத்தமாக அணைத்துவிட்டால் அணைவது கட்டி மட்டும் இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உடலைத் தேசமாகவும் நோயை அந்நியனாகவும் எழுதிய மொழி, தேசத்தை உடலாகவும் மனிதர்களை நோயாகவும் எழுதிய மொழியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. பிரெஸ்லாவில் நிஜமாகவே ஒரே மேஜையில். அறிவியலின் உள்ளிருந்து பார்த்தாலும் அந்த மொழி பயன்படவில்லை. எல்லையை நம்பிய டாண்டி பாதி மூளையை எடுத்தும் தோற்றார். எல்லையை விட்டுவிட்டுச் சாலைகளையும் குறிகளையும் படிக்க முயன்றவர்களிடமிருந்துதான் தெரிந்துகொள்ளத் தக்கதாக ஏதாவது கிடைத்திருக்கிறது.

போன வருஷம் அக்காவைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை அவர் மறக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. ஈயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், சமையலை விட்டுவிடுங்கள். அது எங்கிருந்தும் வரவில்லை அக்கா. அம்மா வயிற்றில் இருக்கும்போது மூளையைக் கட்டிய அதே செல்களின் வாரிசு. அப்போது வழி சொன்ன அதே குறிகளை இப்போது தப்பாகப் படித்துக்கொண்டு போனது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தப்பாப் படிச்சுதா?" என்றார். பிறகு, "அவரு இருந்தா திருத்தியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போனார்.